அழிவடுக்குகளின் தொல்காந்தக் காலக்கணிப்பு

தீயில் வெந்த களிமண் தரை, செங்கல், பானை ஓடு ஆகியவற்றில் பதிந்துள்ள பழங்காலப் புவிகாந்தப் புலத்தின் திசையையும் செறிவையும் அளந்து, ஓர் ஊர் எரிந்தபோது உருவான மண்ணடுக்கின் காலத்தை அறியும் முறை தொல்காந்தக் காலக்கணிப்பு எனப்படும். களிமண்ணில் இயல்பாகக் கலந்திருக்கும் மேக்னடைட் போன்ற இரும்புக் கனிமத் துகள்கள், கியூரி வெப்பநிலை எனப்படும் எல்லையை (மேக்னடைட்டுக்கு ஏறத்தாழ 580 பாகை செல்சியசு) கடக்கும்போது பழைய காந்தத்தன்மையை இழந்து, ஆறும்போது அக்காலப் புலத்தின் திசையில் மீண்டும் காந்தமேறுகின்றன. மறுபடி அதே அளவு சூடேறாதவரை இப்பதிவு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நிலைக்கும். புவிகாந்தப் புலம் இடையறாது மாறிவருவதால், காலம் தெரிந்த சான்றுகளைக் கொண்டு அம்மாற்றத்தின் வரைகோட்டை வட்டாரந்தோறும் வரைந்துகொண்டு, காலம் தெரியாத அடுக்கின் அளவீட்டை அதனோடு பொருத்துகின்றனர். செறிவை அளக்கும் ஆய்வகமுறையைச் செப்பம் செய்தவர் பிரெஞ்சு அறிஞர் எமில் தெல்லியே.

2022இல் வெளிவந்த இசுரேலிய ஆய்வொன்று 17 இடங்களின் 21 அழிவடுக்குகளை இம்முறையால் ஒப்பிட்டது. கி.மு. 586இல் பாபிலோனியர் எரித்த எருசலேம் போன்ற காலம் உறுதியான அழிவுகள் அதற்கு நங்கூரமாயின. அராம் நாட்டு அரசன் அசாவேல் கி.மு. 830 அளவில் அழித்ததாகக் கருதப்பட்டுவந்த பெத்சான், உண்மையில் அதற்கு 70 முதல் 100 ஆண்டுகள் முன்பே அழிந்தது என்பது இவ்வாறு தெளிவாயிற்று. கி.மு. 800 முதல் 400 வரையான காலத்தில் கரிமம்-14 அளவீடு ஏறத்தாழ ஒரே மதிப்பைக் காட்டித் துல்லியம் இழப்பதால், அங்கு இம்முறையின் துணை பெரிது. கீழடிக்குக் கூறப்படும் கி.மு. 580 என்னும் காலமும் அந்த இடைவெளிக்குள்தான் விழுகிறது என்பது தமிழகத் தொல்லியலாளர் கருதவேண்டிய செய்தி.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் இம்முறைக்குரிய வினா உறையூரில் உள்ளது. முற்காலச் சோழர் தலைநகரான அவ்வூர் மண்மாரியால் அழிந்தது என்று தலபுராணம் கூறும். வெக்காளியம்மன் கருவறைக்குக் கூரையில்லாமைக்கும் இதையே காரணமாகச் சொல்வர். சென்னைப் பல்கலைக்கழகம் 1965 முதல் 1969 வரை அங்கு நடத்திய அகழாய்வில் கறுப்பு-சிவப்புப் பானைகள், ரூலெட் ஓடுகள், தமிழ்ப் பிராமி எழுத்துள்ள ஓடுகள், சாயத்தொட்டி எனக் கருதப்படும் செங்கல் கட்டுமானம் ஆகியவை கிடைத்தன. ஓர் அடுக்கு தீயால் விளைந்ததா, காவிரி வண்டலால் மூடப்பட்டதா என்பதைக் காந்தப் பதிவு பிரித்துக் காட்டும்: தீ தரையை வலுவாகக் காந்தமேற்றுகிறது, வண்டலிலோ துகள்கள் நீரில் படியும்போதே புலத்தின் திசையில் ஒழுங்குபடுவதால் பதிவு மெலிந்தது. காந்த நடுக்கோடு தென்தமிழகத்தின் அருகே செல்வதால், புலம் கிடைத்தளத்தோடு உண்டாக்கும் கோணமாகிய காந்தச் சரிவு இங்கு மிகச் சிறியது. தரையின் மட்டத்தைக் குறிப்பதில் நேரும் சிறு பிழையும் முடிவைக் குலைக்கும்.

திருவரங்கத்தின் நிலை வேறு. அங்கு அழிவுகளின் காலம் ஏற்கெனவே தெரியும்: 1311இல் தில்லிப் படைத்தலைவன் மாலிக் காபூரும் 1323இல் தில்லி இளவரசன் உலுக்கானும் படையெடுத்தனர்; அதன்பின் பல்லாண்டுகள் வெளியூர்களில் இருந்த உற்சவமூர்த்தி நம்பெருமாளை விசயநகரத் தளபதி கோபணன் மீண்டும் எழுந்தருளச் செய்ததை 1371ஆம் ஆண்டுக் கல்வெட்டு குறிக்கிறது. கொள்ளையும் இடிப்பும் தம்மளவில் காந்தப் பதிவை விடுவதில்லை, தீயே விடுகிறது. ஆகவே எரிந்த தடயத்தைவிட, காலம் உறுதியான திருப்பணிகளுக்கெனச் சூளையில் சுட்ட செங்கற்களே இங்கு நம்பத்தக்கவை. இடம்பெயர்ந்த செங்கல் திசையைக் காட்டாது எனினும், சுட்ட நாளின் செறிவைக் காட்டும். முந்திய கட்டடத்துச் செங்கலை எடுத்துப் பயன்படுத்தியிருந்தால் அது முந்திய காலத்தையே சொல்லும் என்பதால், தேர்வில் விழிப்பு தேவை.

தமிழகத் தொல்லியல் இடங்களின் சுடுமண் பொருள்கள் மீதான தொல்காந்த ஆய்வுகள் 1980களிலேயே வெளிவந்துள்ளன. கீழடியில் மும்பையின் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் நிலத்தடிக் கட்டுமானங்களைக் கண்டறியக் காந்த அளவாய்வு நடத்தியது. இந்த அளவாய்வு புதைந்தவற்றைத் தேடும் வேறு பணி, காலக்கணிப்பு அன்று. அகழ்குழியில் எரிந்த தரை தென்படும்போது, அதைப் பெயர்ப்பதற்கு முன் வடதிசையையும் கிடைமட்டத்தையும் அதன்மேலேயே குறித்துவிட வேண்டும். பெயர்த்தபின் அந்தத் திசையை எந்த ஆய்வகத்தாலும் மீட்க இயலாது.