தண்ணீர்மலை முதல் பி. ரம்லி சாலை வரை: பினாங்கில் வீடும் வெள்ளமும்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பிழைப்பு நடத்தும் பலர் அங்கே குடியிருப்பதில்லை. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997-இல் ரத்தானது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு அதன் பாதுகாப்பும் போனது. கடைவீடுகளின் மாடியில் தலைமுறையாக இருந்த குடும்பங்கள் ஏறிய வாடகையைக் கட்ட முடியாமல் ஆயர் ஈத்தாம், ஜெலுத்தோங், பாயா தெருபோங் அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தன. இவற்றில் பல, மலையடியிலோ ஆற்றோரத்திலோ இருப்பவை. மலையில் வீடு கட்டலாமா என்ற அரசியல் வாதம் நம்மவர்களுக்கும் உரியது என்று சொல்வது இதனால்தான்.

தைப்பூசத்துக்கு நாம் ஏறும் தண்ணீர்மலைப் பக்கமிருந்து இறங்கும் ஆயர் தெர்ஜுன் ஆறும், ஆயர் ஈத்தாம் ஆறும் சேர்ந்ததே பினாங்கு ஆறு. டத்தோ கிராமாட், பி. ரம்லி சாலை வழியாக அது ஜெலுத்தோங் அருகே கடலில் கலக்கிறது. பி. ரம்லி சாலை வட்டாரம் தாழ்வானது. கடல் பொங்கும் நேரத்தில் மழையும் சேர்ந்தால் ஆற்று நீருக்குப் போக வழியில்லை. மேலே காடு இருந்தவரை மண் மழையை உறிஞ்சி மெதுவாக விட்டது. மரத்தை வெட்டி சிமெண்ட் போட்டால் அதே மழை சீக்கிரமாகவும் சேற்றோடும் கீழே வந்துவிடும்.

2017-இல் இரண்டே வாரத்தில் இரண்டு அடி. அக்டோபர் 21-இல் தஞ்சோங் பூங்காவில் கட்டுமானத் தலத்தின் சரிவு இடிந்து 11 தொழிலாளர்கள் மாண்டனர். அங்கே எழுந்துகொண்டிருந்தது 49 மாடி கட்டுபடி விலை வீடுகள். நவம்பர் 4, 5 தேதிகளில் 300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. எழுவர் இறந்தனர், ஆயிரக்கணக்கானோர் நிவாரண மையங்களுக்குச் சென்றனர். அன்றைய முதலமைச்சர் லிம் குவான் எங், நள்ளிரவு தாண்டியும் துணைப் பிரதமரை அழைத்து இராணுவ உதவி கேட்க வேண்டியிருந்தது.

பிறகு தொடங்கியது பழி போடும் படலம். வரலாறு காணாத மழைதான் காரணம் என்றது ஜசெக தலைமையிலான மாநில அரசு. மலைகளை வெட்ட அனுமதித்ததே காரணம் என்றது எதிர்த்தரப்பில் இருந்த பாரிசான். இதே பாரிசான்தான் 2008 வரை மாநிலத்தை ஆண்டது. பல நிலங்கள் அப்போதே குடியிருப்புக்கு வகைப்படுத்தப்பட்டவை, மறுத்தால் இழப்பீடு கேட்பார்கள் என்று மாநிலம் பதில் கொடுத்தது. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு, இரண்டும் வசதியான உண்மைகள். பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தின் மறைந்த தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் போன்றோர் பல ஆண்டுகளாக எச்சரித்துவந்ததை எந்த ஆட்சியும் முழுதாகக் கேட்கவில்லை.

பழி சுற்றுவதற்கு அமைப்பிலேயே இடமிருக்கிறது. நிலம் மாநிலத்தின் அதிகாரம். திட்டமிடல் அனுமதி கொடுப்பது மாநகர் மன்றம். பெரிய வெள்ளத் தணிப்புத் திட்டங்களுக்குப் பணம் கூட்டரசிடம். பினாங்கு ஆற்றுத் திட்டம் அந்தப் பணத்துக்காகப் பல ஆண்டுகள் காத்துக் கிடந்தது. அதற்குள் அடுக்குமாடிகள் எழுந்துவிட்டன.

விதி இல்லாமல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து 76 மீட்டருக்கு, அதாவது 250 அடிக்கு மேலேயும், 25 பாகைக்கு மேல் சாய்ந்த நிலத்திலும் மேம்பாடு கூடாது என்கிறது மாநிலக் கட்டமைப்புத் திட்டம். கூடவே 'சிறப்புத் திட்டங்கள்' என்ற விலக்கும் வந்தது. சண்டை பெரும்பாலும் அந்த இரண்டு சொல்லைப் பற்றித்தான். சுங்கை ஆராவில் மலைநிலத்தில் வீடமைப்புக்கு 2012-இல் கிடைத்த அனுமதியை எதிர்த்து, பக்கத்து அடுக்குமாடியின் நிர்வாகக் கழகமும் குடியிருப்பாளர்களும் போராடினார்கள். மேல்முறையீட்டு வாரியத்தில் வென்று, நீதிமன்றங்களில் தோற்று, கடைசியில் 2023-இல் கூட்டரசு நீதிமன்றத்தில் வென்றார்கள். கட்டமைப்புத் திட்டம் வெறும் ஆலோசனை அல்ல, மாநகர் மன்றத்தைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் என்பதே தீர்ப்பின் சாரம். பத்தாண்டு வழக்கு நடத்தப் பணமும் பொறுமையும் எத்தனை தாமானுக்கு இருக்கும் என்பது வேறு கேள்வி.

தஞ்சோங் பூங்கா சம்பவத்தை விசாரித்த மாநில ஆணையமும், அது தடுத்திருக்கக்கூடிய, மனிதர் உண்டாக்கிய சரிவு என்றே சொன்னது. இதற்கிடையே 2018 அக்டோபர் 19-இல் புக்கிட் குக்குஸ் சாலைத் தலத்தில் இன்னும் 9 பேர் மண்ணில் புதைந்தனர்.

வீடு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தீவில் சமநிலம் தீர்ந்துவருகிறது, இளந்தம்பதிகளுக்குக் கட்டுபடி விலையில் வீடு வேண்டும். ஆனால் மேலே கட்டும் வீட்டுக்கான வெள்ளத்தைக் கீழே பி. ரம்லி சாலையில் இருப்பவர் ஏன் சுமக்க வேண்டும்?

பாலம் தாண்டி செபராங் பிறையில், பத்து காவான் போன்ற பழைய தோட்டங்கள் நகரங்களாகிவிட்ட இடத்திலும் சட்டம் ஒன்றே: 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். வட்டாரத் திட்டம் இல்லாத இடத்தில், விண்ணப்பம் வந்ததும் அண்டை நில உரிமையாளர்களுக்கு மன்றம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 21 நாளுக்குள் ஆட்சேபம் கொடுக்கலாம். வட்டாரத் திட்டம் இருக்கும் இடத்தில், அதன் வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போதே பேசிவிட வேண்டும். கடிதம் போவது பதிவு பெற்ற உரிமையாளருக்கு மட்டும். வாடகைக்கு இருப்பவருக்கும், பட்டா இன்னும் கைக்கு வராத மலிவுவிலை அடுக்குமாடிக்காரருக்கும் வராது. அவர்கள் குடியிருப்போர் சங்கத்தின் வழியேதான் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆட்சேபித்தவருக்கு முடிவு பிடிக்கவில்லை என்றால், அது தெரிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போக வேண்டும்.