வீட்டுப் படிப்பு

போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வதோதராவில் எங்க வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் வந்திருந்தாங்க. புதுக்கோட்டைப் பக்கம். அவர் இங்கே ஒரு ரசாயன ஆலையில் எஞ்சினியர். பொண்ணு பன்னிரண்டாவது முடிச்சிருக்கா, நல்ல மார்க். அவளுக்கு ஹோம் சயின்ஸ் பிரிவில் நியூட்ரிஷன் படிக்கணும்னு ஆசை. அப்பாவுக்கு மனசே இல்லை.

"அக்கா, நீங்களும் இதைத்தானே படிச்சீங்க? நீங்களே சொல்லுங்க. இவ்வளவு மார்க் வாங்கிட்டு சமையல் படிக்கப் போறேங்கறா. அதுக்கு எதுக்கு காலேஜ்? அவ அம்மாவே சொல்லிக் கொடுத்துடுவாளே!"

"எனக்கு இட்லி மாவே ஒழுங்காப் பொங்காது, என்னை ஏன் இழுக்கறீங்க?"ன்னு அவர் மனைவி ஒரு போடு போட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். பொண்ணு மட்டும் சிரிக்கலை. தலையைக் குனிஞ்சு காப்பி டம்ளரையே பார்த்துக்கிட்டு இருந்தா.

அந்த முகத்தை நான் எங்கேயோ பார்த்திருக்கேன். வேறெங்கே, கண்ணாடியிலதான்! கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்துக்குங்க.

1984. உடுமலைப்பேட்டை பக்கம் எங்க ஊர். எனக்குக் கெமிஸ்ட்ரி படிக்க ஆசை. எங்க அப்பாரு (அப்பாவோட அப்பா) ஒரே வார்த்தையில் முடிச்சுட்டார். "பொட்டப்புள்ள ஆசிட்டை ஊத்தி என்ன பண்ணப் போவுது?" அப்பா ரெண்டு நாள் யோசிச்சார். மூணாம் நாள், "இது வேறைங்க, வீட்டுப் படிப்பு. சமைக்க, தைக்க, கொழந்தை வளக்கச் சொல்லித் தருவாங்க. பொம்பளைப் பிள்ளைக மட்டும்தான்"னு சொல்லி என்னைக் கோயமுத்தூருக்கு பஸ் ஏத்திட்டார்.

முதல் வருஷப் பாடத்திட்டம் என்ன தெரியுமோ? கெமிஸ்ட்ரி, உடலியங்கியல், நுண்ணுயிரியல்! அதே ஆசிட்டுதான் :-)

அப்பா செஞ்சது தந்திரம்னு ரொம்ப நாள் நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்புறம் இந்தப் படிப்போட கதையைத் தேடிப் படிச்சப்போதான் புரிஞ்சது, இந்தப் படிப்பே அந்தத் தந்திரத்துல பிறந்ததுதான்னு.

அமெரிக்காவில் எலன் ஸ்வாலோ ரிச்சர்ட்ஸ்னு ஒரு அம்மா. எம்.ஐ.டி.யில் சேர்ந்த முதல் பெண் அவங்கதான். 1873ல் பட்டம். படிச்சது வேதியியல். குடிதண்ணியில் என்ன கலந்திருக்கு, கடையில் விக்கற சாப்பாட்டுப் பொருள்ல என்ன கலப்படம்னு சோதிக்கறதுதான் அவங்க வேலை. அந்தக் காலத்துல வேதியியல் படிச்ச பொண்ணுக்கு வேதியியல் துறையில் யார் வேலை கொடுத்தாங்க? அறிவியலை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்தா ஒருத்தரும் தடுக்க முடியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. 1899ல் லேக் பிளாசிட்ங்கற ஊர்ல இதுக்காக ஒரு மாநாடு. வருஷா வருஷம் அது தொடர்ந்து, 1909ல் ஹோம் எகனாமிக்ஸுக்குன்னு ஒரு சங்கமே ஆச்சு. அதோட முதல் தலைவர் அவங்கதான்.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். சென்னை அடையாறில் இருந்துக்கிட்டு மார்கரெட் கசின்ஸ்ங்கற ஐரிஷ் அம்மா, பெண்கள் கல்வியைப் பத்திப் பேசலாம் வாங்கன்னு நாடு முழுக்கப் பெண்களுக்குக் கடிதம் போட்டாங்க. அதன் பலனா 1927 ஜனவரியில் புனேயில் அகில இந்திய மாதர் மாநாடு கூடிச்சு. தலைமை வகிச்சது யார்னு நினைக்கறீங்க? எங்க பரோடா மகாராணி சிம்னாபாய்! (வதோதராவுக்குப் பழைய பேரு பரோடா. இங்கே முப்பது வருஷமா இருக்கோமில்லையா, எங்க ஊர்னு சொல்லிக்க உரிமை உண்டு.)

அந்த மாதர் மாநாட்டு அமைப்பு 1932ல் தில்லியில் தொடங்கினதுதான் லேடி இர்வின் கல்லூரி. வைஸ்ராயோட மனைவி பேரு. பெண்களுக்கான ஹோம் சயின்ஸ் கல்லூரி. மண்டி ஹவுஸ் பக்கம் சிக்கந்தரா ரோட்டுல இன்னிக்கும் இருக்கு. தில்லியில் இருக்கறவங்க எத்தனையோ தடவை அதைத் தாண்டிப் போயிருப்பீங்க. 1950ல் அது தில்லிப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்சது.

அதே சமயத்துல இங்கே பரோடாவிலும் ஒண்ணு நடந்தது. 1949ல் மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகம் தொடங்கினப்போ துணைவேந்தரா வந்தவங்க ஹன்சா மேத்தா. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கற இந்தியப் பல்கலைக்கழகம் ஒண்ணுக்குத் துணைவேந்தரான முதல் பெண். அவங்க முன்முயற்சியில் 1950 வாக்கில் ஹோம் சயின்ஸ் இங்கே ஒரு தனிப் புலமா, அதாவது அறிவியல், கலை, வணிகம் மாதிரி சரிசமமா, உட்கார்ந்தது.

இந்த ஹன்சா மேத்தா லேசுப்பட்டவங்க இல்லை. அரசியல் நிர்ணய சபை உறுப்பினர். ஐ.நா. மனித உரிமைப் பிரகடனத்தை எழுதினப்போ, முதல் விதியில் 'எல்லா ஆண்களும்'னு பொருள் வர மாதிரி இருந்ததை 'எல்லா மனிதர்களும்'னு மாத்த வெச்சவங்க. அப்படிப்பட்டவங்க பொண்ணுங்களைச் சமையல்கட்டுல உட்கார வைக்கவா ஒரு புலத்தையே ஆரம்பிச்சிருப்பாங்க?

எங்க கோயமுத்தூருக்கு 1957ல் வந்தது. கல்வி அமைச்சரா இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் பெண்களுக்கான மனையியல் கல்லூரியைத் தொடங்கினார். அதைக் கட்டி வளர்த்தவங்க ராஜம்மாள் தேவதாஸ். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவங்க. 1988ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆச்சு. 1992ல் அவங்களுக்குப் பத்மஸ்ரீ. பள்ளிக்கூடப் பிள்ளைங்க சாப்பாட்டுல என்ன இருக்கணும்னு வாழ்நாள் பூரா ஆராய்ச்சி பண்ணினவங்க.

சரி, அப்படி என்னதான் படிச்சோம்? ஹோம் சயின்ஸ்னா அஞ்சு பிரிவு. உணவும் சத்தும், குழந்தை வளர்ச்சி, துணியும் ஆடையும், வீட்டு நிர்வாகம், அப்புறம் விரிவாக்கக் கல்வி (கிராமத்துக்குப் போய் சொல்லிக் கொடுக்கறது).

துணி வகுப்புல நூலை எரிச்சுப் பார்ப்போம். பருத்தி காகிதம் மாதிரி எரியும். பட்டு, முடி கருகற வாசனை வரும். பாலியஸ்டர் உருகி கெட்டி உருண்டையாயிடும். இன்னிக்கும் சேலைக்கடையில் என்னை ஏமாத்த முடியாது! குழந்தை வளர்ச்சிக்கு நர்சரி ஸ்கூல்ல ஒரு மூலையில் உட்கார்ந்து, ஒரே ஒரு குழந்தையை ஒரு மணி நேரம் பார்த்து எழுதணும். குறுக்கே பேசக்கூடாது. வீட்டு நிர்வாகத்துக்கு ஒரு தனி வீடு. நாலஞ்சு பேர் சில வாரம் அங்கேயே தங்கி, கொடுத்த காசுக்குள்ள குடித்தனம் பண்ணிக் கணக்குக் காட்டணும்.

உணவு வகுப்புல கையை விட்டுப் பிரியாத புத்தகம் ஒண்ணு, உணவுச் சத்துப் பட்டியல். நூறு கிராம் முருங்கைக்கீரையில் எவ்வளவு இரும்பு, கேழ்வரகுல எவ்வளவு சுண்ணாம்புச் சத்துன்னு எல்லாம் இருக்கும். அந்தப் பட்டியல் பிறந்தது எங்கே தெரியுமோ? நம்ம குன்னூர்ல! 1918ல் ராபர்ட் மெக்காரிசன்ங்கற மருத்துவர் பெரிபெரி நோயைப் பத்தி ஆராய அங்கே ஒரு சின்ன ஆய்வுக்கூடம் ஆரம்பிச்சார். அவருக்கு அப்புறம் வந்த அய்க்ராய்டு 1930களின் கடைசியில் முதல் பட்டியலை வெளியிட்டார். அந்த ஆய்வுக்கூடம் 1958ல் ஹைதராபாத் போய், 1969ல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம்னு பேர் வாங்கிச்சு. பட்டியலைப் பெரிசாக்கினவர் சேலத்துக்காரர் சி. கோபாலன். 2017ல் வந்த புதுப் பதிப்புல 528 உணவு இருக்கு.

அரிசியில் லைசின்ங்கற அமினோ அமிலம் குறைச்சல், பருப்புல அது நிறைய. பருப்புல மெத்தியோனின் குறைச்சல், அரிசியில் அது இருக்கு. ரெண்டையும் சேர்த்தா ஒண்ணுக்கொண்ணு ஈடு கட்டிக்கும். அதான் பொங்கல், அதான் இட்லி. பாட்டி கையால சாப்பிட்டதுக்குக் காரணம் தெரிஞ்ச நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

இந்தப் படிப்பு நாட்டுக்கு என்ன செஞ்சதுன்னு கேட்டா, 1975 அக்டோபர் 2ம் தேதி 33 இடங்கள்ல தொடங்கின ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தைச் சொல்லுவேன். அங்கன்வாடின்னு நமக்கெல்லாம் தெரிஞ்சது. அதுக்கு மேற்பார்வையாளர், திட்ட அலுவலர்னு ஆள் தேவைப்பட்டப்போ, குழந்தையையும் சோத்தையும் கிராமத்தையும் சேர்த்துப் படிச்சவங்க எங்களை மாதிரி ஆளுங்கதானே? எங்க வகுப்புத் தோழிகள் சில பேர் அந்த வேலையில்தான் ஓய்வு பெற்றாங்க.

இவ்வளவும் இருந்தும் அந்த 'வீடு'ங்கற வார்த்தை எங்களை விடலை.

என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்க, "ஹோம் சயின்ஸா? அப்ப சமையல் பிரச்சினை இல்லை"ன்னாங்க. நுண்ணுயிரியல்ல வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கினதை ஒருத்தரும் கேட்கலை. கல்யாணமாகி இங்கே வந்து ஒரு ஆஸ்பத்திரியில் வேலை கேட்டுப் போனேன். சேர்த்துக்கிட்டாங்க. முதல் நாள் என் கையில் கேன்டீன் ஸ்டோர் சாவியைக் கொடுத்து, எண்ணெய் டின்னை எண்ணச் சொன்னாங்க. ரெண்டு வருஷம் எண்ணினேன். எந்த வார்த்தை எங்க அப்பாரு கதவைத் திறந்துச்சோ, அதே வார்த்தை என்னை ஸ்டோர் ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிடுச்சு.

இந்தப் பூட்டை ஹன்சா மேத்தா முன்னாடியே பார்த்துட்டாங்க. 1962ல் ஆண், பெண் பிள்ளைகளுக்குப் பாடத்திட்டம் வேற வேறயா இருக்கணுமான்னு ஆராய ஒரு குழு போட்டாங்க. தலைவர் அவங்கதான். 1964ல் வந்த அறிக்கை என்ன சொல்லிச்சுன்னா, பையனுக்கு ஒண்ணு பொண்ணுக்கு ஒண்ணுன்னு பிரிக்கக் கூடாது, ஹோம் சயின்ஸ் ரெண்டு பேருக்கும் பொதுவா இருக்கட்டும். ஹோம் சயின்ஸுக்குத் தனிப் புலம் கொண்டு வந்தவங்களே, இது பொண்ணுங்களுக்கு மட்டுமில்லைன்னு எழுதினாங்க. அதுக்குப் பின்னாடி வந்த கோத்தாரி கமிஷனும் அதையே ஏத்துக்கிச்சு. ஆனா நம்ம வீடுகள்ல யார் ஏத்துக்கிட்டோம்? என் பையனுக்கு நானே இதைப் படிக்கிறியான்னு ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. எழுதும்போதுதான் உறைக்குது.

இப்ப எல்லா இடத்துலயும் பேரை மாத்தறாங்க. அமெரிக்காவில் கார்னெல் 1969லேயே 'மனிதச் சூழலியல்'னு மாத்திடுச்சு. இங்கே பரோடாவில் அது இப்ப 'குடும்பம் மற்றும் சமுதாய அறிவியல்' புலம். பேர் மாறினா மரியாதை வருமா? தெரியலை. ஆனா கிராமத்துல இருந்து என்னை மாதிரி ஒரு பொண்ணு வெளியே வர அந்தப் பழைய பேரு உதவிச்சுங்கறதை நான் மறக்க மாட்டேன்.

ஞாயித்துக்கிழமைக்குத் திரும்புவோம். இந்தக் கதையெல்லாம் நான் அந்தத் தம்பிகிட்ட சொல்லலை. ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். டயாலிசிஸ் பண்ணிக்கிட்டிருந்த ஒரு பெரியவர், ரத்தத்துல பொட்டாசியம் ஏறி ஆபத்தான நிலையில் வந்தார். என்ன சாப்பிட்டார்னு நான் உட்கார்ந்து ஒவ்வொண்ணா விசாரிச்சதுல, தினம் ரெண்டு இளநீர்! மருமகள் பாவம், நல்லதுன்னு நினைச்சு வாங்கிக் கொடுத்திருக்கா. சிறுநீரகம் வேலை செய்யாதவங்களுக்கு இளநீர்ல இருக்கற பொட்டாசியம் இதயத்தையே நிறுத்திடக் கூடும். டாக்டர்கள் அவரைக் காப்பாத்திட்டாங்க. மறுபடி அந்த நிலைமை வராம, எந்தக் காயைத் தண்ணியில் ஊற வெச்சு வடிக்கணும், எதைத் தொடவே கூடாதுன்னு அந்த மருமகளுக்கு எழுதிக் கொடுத்தது நான்.

"இதுக்குப் பேரு சமையல்னா சமையல்தான் தம்பி"ன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் மெதுவா, "ஊர்ல எங்க அம்மா கேட்டா என்னக்கா சொல்றது? வீட்டுப் படிப்புன்னு சொல்லிடட்டுமா? சந்தோஷப்படுவாங்க"ன்னார்.

நான் பதில் சொல்றதுக்குள்ள பொண்ணு நிமிர்ந்தா. "வேண்டாம்ப்பா. அப்பத்தாவுக்கு சர்க்கரை இருக்குல்ல? அதைக் கவனிக்கற படிப்புன்னு சொல்லுங்க. புரிஞ்சுக்குவாங்க."

எங்க அப்பா 1984ல் மூணு நாள் யோசிச்சதை இவ மூணு செகண்டுல, அதுவும் பொய்யே கலக்காம சொல்லிட்டா. அடுத்த வாரம் அட்மிஷன். நானும் கூடப் போறேன்.

உங்க வீட்டுலயும் பன்னிரண்டாவது முடிச்ச பொண்ணு இருந்தா, சும்மா சிரிச்சு ஒதுக்காம ஒரு தடவை பேசிப் பாருங்க. பையன் இருந்தாலும்தான்!

வரட்டுமா?