அண்டை ரவுட்டரை அறிதல்: சிங்கப்பூரின் இணையப் பரிமாற்றகங்களை முன்வைத்து

2015 ஜூன் 12, வெள்ளிக்கிழமை. சிங்கப்பூர் நேரம் மாலை 4.43க்கு டெலிகாம் மலேசியாவின் வலையமைப்பு, அதாவது 4788 என்ற எண் கொண்ட தன்னாட்சி அமைப்பு, சுமார் 179,000 முகவரித் தொகுதிகளுக்குத் தன் வழியே போகலாம் என்று லெவல் 3 நிறுவனத்தின் 3549ஆம் அமைப்பிடம் அறிவித்தது. லெவல் 3 அதை நம்பியது. தன்னோடு இணைந்திருந்த மற்றவர்களுக்கும் சொன்னது. மலேசியாவோடு எந்தத் தொடர்பும் இல்லாத போக்குவரத்தெல்லாம் அந்தப் பக்கம் திரும்பி நெரிந்தது. நிலைமை சீராகத் தொடங்குவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆயிற்று.

இந்த நிகழ்வைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வடிகட்டி வைக்காத அலட்சியத்தைக் குறை சொன்னார்கள். அது சரியே. ஆனால் என் கவனம் வேறொன்றில் நிற்கிறது. வலையமைப்புகள் தமக்குள் வழிகளை அறிவித்துக்கொள்ளும் பிஜிபி நெறிமுறையில் ஒரு வழி அறிவிப்பு அடுத்த ரவுட்டரைச் சென்றடைய வேண்டுமானால், இருவருக்கும் இடையிலான அமர்வு ‘எஸ்டாப்ளிஷ்ட்’ நிலையில் இருந்தாக வேண்டும். அப்படியானால் அன்று பொறியாளர் எவரேனும் அண்டை ரவுட்டர்களின் பட்டியலைத் திரையில் வரவழைத்திருந்தால், எல்லாம் நலம் என்றே அது காட்டியிருக்கும். அண்டை உறவு அறுந்ததால் வந்த கேடு அல்ல இது. உறவு செவ்வனே இயங்கியதால்தான் கேடு அவ்வளவு வேகமாகப் பரவியது. அண்டை உறவைச் சரிபார்த்தல் என்று நாம் பயிற்றுவிப்பதும் பழகுவதும் பெரும்பாலும் இரு பக்கமும் பேச்சு கேட்கிறதா என்ற சோதனை மட்டுமே. பேசுவது யார், அவர் நமக்கு என்ன முறை ஆகவேண்டும் என்ற இரண்டும் அந்தச் சோதனைக்கு வெளியே நிற்கின்றன. சிங்கப்பூரைப் போல நூற்றுக்கணக்கான வலையமைப்புகள் சில கட்டடங்களுக்குள் கூடும் ஊரில் இந்தக் குறை பெரிதாகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் அந்தச் சோதனைக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் இயங்கும் ஓஎஸ்பிஎஃப் நெறிமுறையில் அது மிக நுட்பமாக அமைந்திருக்கிறது. ஜான் மோய் எழுதி 1998இல் வெளியான ஆர்எஃப்சி 2328 அதன் அடிப்படை ஆவணம். ஈத்தர்நெட் இணைப்பில் ஒவ்வொரு ரவுட்டரும் வழக்கமாகப் 10 விநாடிக்கு ஒருமுறை ‘ஹலோ’ பொதி அனுப்பும். 40 விநாடி வரை ஒன்றும் வராவிட்டால் அண்டை ரவுட்டர் போய்விட்டதாகக் கொள்ளும். ஹலோவுக்குள், தான் இதுவரை யார் யாரிடமிருந்து ஹலோ பெற்றது என்ற பட்டியலும் இருக்கும். அடுத்தவரின் பட்டியலில் தன் அடையாள எண்ணைக் கண்ட பிறகுதான் ஒரு ரவுட்டர் அவரை ‘டூ-வே’ நிலைக்கு உயர்த்தும். நான் பேசுவது உனக்குக் கேட்கிறது என்பதை உன் வாயாலேயே கேட்ட பிறகுதான் உறவு. ஒருபக்கம் மட்டும் வேலை செய்யும் இழைகளால் வரும் குழப்பத்தை இந்த ஒரு விதி தடுத்துவிடுகிறது.

அதற்குப் பின் ‘எக்ஸ்ஸ்டார்ட்’, ‘எக்ஸ்சேஞ்ச்’, ‘லோடிங்’ என்று படியேறி ‘ஃபுல்’ நிலைக்கு வரும்போது இருவரின் தரவுத்தளமும் ஒன்றாகியிருக்கும். எக்ஸ்ஸ்டார்ட்டிலேயே சிக்கி நிற்கும் இணைப்பைப் பார்த்த பொறியாளர் முதலில் எம்டியூ அளவைத்தான், அதாவது இணைமுகம் ஏற்கும் மிகப் பெரிய பொதியின் அளவைத்தான், சந்தேகிப்பார். ஹலோ சிறிய பொதி. எப்படியும் போய்ச் சேரும். அடுத்து வரும் தரவு விவரப் பொதி தன் இணைமுகத்தின் எம்டியூவைச் சொல்கிறது. அது எதிர்ப்பக்கத்தின் அளவைவிடப் பெரிதாக இருந்தால் எதிர்ப்பக்கம் அதை நிராகரித்துவிடும். இந்த ஒப்பீட்டையே அணைத்துவிடும் கட்டளையும் உண்டு. அதைப் போட்டவுடன் திரையில் ஃபுல் வந்துவிடும், பிறகொரு நாள் பெரிய பொதி ஒன்று சத்தமில்லாமல் தொலையும். மாறாக, டூ-வேயிலேயே நிற்கும் உறவு பழுதாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. பத்து ரவுட்டர்கள் ஓர் ஈத்தர்நெட்டில் இருந்தால் 45 இணைகள் சாத்தியம். நியமிக்கப்பட்ட ரவுட்டரும் அதன் மாற்றும் தேர்வானபின் முழு உறவு 17 இணைகளுக்கு மட்டுமே தேவை. மீதி 28ம் டூ-வேயில் நிற்பது முறைப்படியே. ஆகவே உள்வலையமைப்பிலேயேகூட ஒரு நிலையின் பெயரை மட்டும் வைத்து நலம், நலமின்மை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அந்த ரவுட்டர் இந்த இணைப்பில் வகிக்கும் பங்கு தெரிந்திருக்க வேண்டும்.

ஒரே நிறுவனத்துக்குள் அந்தப் பங்கை ஒரே கை எழுதுகிறது. நிறுவனங்களுக்கு இடையே அப்படியில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலை தேக்காவில் கூடும் தொழிலாளி ஊருக்கு வீடியோ அழைப்புப் போடும்போது, அந்தப் பொதிகள் சிங்கப்பூர் கைப்பேசி நிறுவனம் ஒன்றில் தொடங்கி, இடையில் ஒன்றிரண்டு வலையமைப்புகளைத் தாண்டி, இந்திய நிறுவனம் ஒன்றில் போய் முடிகின்றன. ஒவ்வொரு எல்லையிலும் ஒரு பிஜிபி அமர்வு. பிஜிபி தன் அண்டைகளைத் தானாகக் கண்டுபிடிப்பதில்லை; இருபுறமும் முகவரியும் அமைப்பு எண்ணும் கையால் எழுதப்பட்டு, டிசிபியின் 179ஆம் துறையில் இணைப்பு ஏற்படுகிறது. (‘ஆக்டிவ்’ என்று திரை காட்டினால் இணைய முயன்றுகொண்டிருக்கிறது என்றே பொருள். புதியவர்கள் அதைப் பார்த்து நிம்மதி அடைவது இந்தத் துறையில் பழைய வேடிக்கை.)

அடுத்த பக்கத்தில் இருப்பவர் யார் என்ற கேள்விக்கு இரண்டு பழைய விடைகள் உண்டு. ஒன்று, இருவரும் முன்கூட்டி ஒப்புக்கொண்ட இரகசியச் சாவி. 1998இன் ஆர்எஃப்சி 2385 எம்டி5 முறையையும், 2010இன் ஆர்எஃப்சி 5925 அதற்கு மாற்றையும் தந்தன. மற்றொன்று தூரத்தை அளப்பது: பொதி 255 என்ற ஆயுள் எண்ணோடு புறப்படுகிறது, வழியில் ஒரு ரவுட்டரைத் தாண்டினாலும் அந்த எண் குறையும், 255 ஆகவே வந்து சேர்ந்தால் அனுப்பியவர் அடுத்த கதவில் இருக்கிறார். 2007இன் ஆர்எஃப்சி 5082 இதை முறைப்படுத்தியது. எளிமையான, அழகான சோதனை. இரண்டு ரவுட்டர்கள் மட்டும் ஒரு கம்பியின் இரு முனையில் இருக்கும்போது அதற்கு முழு மதிப்பும் உண்டு.

சிங்கப்பூரின் பரிமாற்றகங்களில் அந்த மதிப்பு தேய்கிறது. லாபநோக்கற்ற நடுநிலை அமைப்பான எஸ்ஜிஐஎக்ஸும், ஆயர் ராஜா கிரசென்ட்டில் தரவு மையம் வைத்திருக்கும் ஈக்வினிக்ஸின் பரிமாற்றகமும் பல வலையமைப்புகளை ஒரே ஈத்தர்நெட்டில் சேர்க்கின்றன. அங்கே எல்லோரும் எல்லோருக்கும் அடுத்த கதவு. 255 என்ற எண் யாரையும் யாரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. அதோடு, வெளிநாட்டில் இருக்கும் ரவுட்டரை ஈத்தர்நெட் இணைப்பாகவே நீட்டி இங்கே செருகும் தொலைதூர இணைப்பு வணிகமும் நடக்கிறது. நீட்டிய இழையில் ஆயுள் எண் குறைவதில்லை. பார்தியும் சிங்டெலும் சேர்ந்து 2002இல் இயக்கிவைத்த ஐ2ஐ கடலடி வடம் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சுமார் 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ இரண்டு இலட்சம் கிலோமீட்டர் போகும் என்றால், போய்வர 32 மில்லிவிநாடிக்குக் குறையாது. பரிமாற்றகத்தின் உள்வலையில் இருக்கும் ஓர் அண்டை முகவரியிலிருந்து பதில் வர எப்போதும் 35 மில்லிவிநாடி ஆகிறதென்றால், அந்த ரவுட்டர் ஆயர் ராஜாவில் இல்லை. சட்டப்படி அதன் உரிமையாளர் உறுப்பினர்தான். ஆனால் இடையிலிருக்கும் வடம் அறுந்தால் உள்ளூர் இணைப்பு என்று நம்பியவரின் கணக்கு தவறும். நிலைப் பட்டியலில் இது எங்கும் தெரியாது. காலத்தை அளந்தால்தான் தெரியும்.

ரூட் சர்வர் வந்தபின் சிக்கல் இன்னொரு சுற்று இறுகியது. ஒவ்வொருவரோடும் தனித்தனி அமர்வு வைப்பதற்குப் பதிலாக உறுப்பினர்கள் ரூட் சர்வரோடு மட்டும் பேசுகிறார்கள். அது மற்றவர்களின் வழிகளைச் சொல்கிறது, ஆனால் போக்குவரத்தைத் தொடுவதில்லை. தரவு ஓர் உறுப்பினரிடமிருந்து இன்னோர் உறுப்பினருக்கு நேரே போகிறது. ஆக, பேசும் அண்டை ஒருவர், சரக்கைப் பெறும் அண்டை வேறொருவர். இருவரும் ரூட் சர்வரை எட்ட முடிந்து, ஒருவரையொருவர் எட்ட முடியாமல் போனால், இரண்டு அமர்வுகளும் எஸ்டாப்ளிஷ்ட் ஆகவே நிற்க, பொதிகள் மட்டும் பாழில் விழும். ஓஎஸ்பிஎஃபின் டூ-வே விதி காத்த உறுதி இங்கே கைவிடப்பட்டுவிட்டது. உறுப்பினர்கள் எதிர்ப்பக்கத்தை எட்ட முடிகிறதா என்று பார்க்கும் பிஎஃப்டி நெறிமுறை மூலம் ஒருவரையொருவர் சோதித்து முடிவை ரூட் சர்வருக்குத் தெரிவிக்கும் யோசனை ஐஇடிஎஃபில் வரைவாக வைக்கப்பட்டது. தேவை உண்மையானது.

ஆனாலும் இவையெல்லாம் பேசுவது யார் என்ற கேள்விக்குள் அடங்குபவை. டெலிகாம் மலேசியா நிகழ்வில் ஆள்மாறாட்டம் இல்லை, தூரக் குழப்பமும் இல்லை. சாவி சரியாகவே இருந்திருந்தாலும் அது நடந்திருக்கும். அங்கே மீறப்பட்டது முறை. வாடிக்கையாளர் தன் வழிகளையும் தன் வாடிக்கையாளர்களின் வழிகளையும் மட்டுமே வழங்குநருக்குச் சொல்லலாம். வேறோர் இடத்தில் கேட்ட வழிகளைக் கொண்டுவந்து சொல்லக் கூடாது. வழங்குநரோ காசு தரும் வாடிக்கையாளரின் வழிக்கு முன்னுரிமை தருபவர். ஆகவே தவறான அறிவிப்புக்குத்தான் முதல் மரியாதை கிடைத்தது. 2016இன் ஆர்எஃப்சி 7908 இத்தகைய கசிவுகளை வகைப்படுத்தியபோது இந்த நிகழ்வை முதல் வகைக்கு எடுத்துக்காட்டாக வைத்தது. ஆர்பிகேஐ வழியாக வழியின் தோற்ற அமைப்பைச் சரிபார்ப்பதும் இதைத் தடுத்திருக்காது. கசிந்த வழிகளில் தோற்றம் உண்மையானதே. 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் முகவரிகளைத் தனதென்று அறிவித்ததுபோன்ற நிகழ்வுகளுக்குத்தான் அந்த மருந்து.

வலையமைப்புகளுக்கு இடையிலான முறையை நெறிமுறை அறியாது என்பதற்குச் சான்று ஆய்வுலகிலேயே இருக்கிறது. லிக்சின் காவ் 2001இல் வெளியிட்ட கட்டுரை முதற்கொண்டு, யார் யாருக்கு வாடிக்கையாளர், யார் யாருக்குச் சமநிலையர் என்பதை வழிப் பட்டியல்களிலிருந்து ஊகித்தறிவது ஒரு தனித் துறையாகவே வளர்ந்தது. ரவுட்டர்கள் சொல்லாததை ஆய்வாளர்கள் வெளியிலிருந்து ஊகிக்க வேண்டியிருந்தது.

2022 மே மாதம் வந்த ஆர்எஃப்சி 9234 இந்த இடத்தில்தான் மாறுதல் செய்கிறது. அமர்வைத் தொடங்கும் ‘ஓப்பன்’ செய்தியிலேயே ஒவ்வொரு பக்கமும் தன் பங்கை அறிவிக்கிறது: வழங்குநர், வாடிக்கையாளர், சமநிலையர், ரூட் சர்வர், அதன் உறுப்பினர். ஒருவர் வழங்குநர் என்றால் மற்றவர் வாடிக்கையாளர் என்றே சொல்ல வேண்டும். பொருந்தாவிட்டால் அமர்வே எழாது. டூ-வே விதியின் நுட்பம், இம்முறை கேள்திறனுக்குப் பதில் உறவுமுறைக்குப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதோடு, கீழ்நோக்கி மட்டுமே போகவேண்டிய வழிகளில் ஒரு குறியும் ஒட்டப்படுகிறது; அது மேல்நோக்கி வந்தால் கசிவு என்று தெரிந்துவிடும்.

எதிர்வாதங்கள் இரண்டு. வணிக உறவு இரகசியம் என்பது ஒன்று. பங்கு அறிவிப்பு அந்த அண்டைக்கு மட்டுமே போகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அவருக்கு அது இரகசியமாக இருக்க முடியாது. வழியோடு பயணிக்கும் குறி ஓரளவு காட்டிக்கொடுக்கும் என்பது உண்மை. ஆனால் இருபது ஆண்டுகளாக ஆய்வாளர்கள் ஊகித்து வெளியிட்டுவருவதைவிட அதிகமாக அது சொல்வதாக எனக்குப் படவில்லை. இரண்டாவது எதிர்வாதம் கனமானது: இரு பெரு நிறுவனங்கள் ஓர் ஊரில் சமநிலையராகவும் மற்றோர் ஊரில் வாங்குவோர் விற்போராகவும் இருக்கலாம், சில சமயம் ஒரே அமர்வுக்குள் இரண்டுமாகவும் இருக்கலாம். வட்டார நிறுவனங்கள் பலவும் சந்திக்கும் சிங்கப்பூரில் இது புதுமையல்ல. அத்தகைய கலப்பு அமர்வுக்குப் பங்கு எழுத வேண்டாம் என்றே அந்த ஆவணமும் சொல்கிறது. எதிர்ப்பக்கம் பங்கு சொல்லாவிட்டாலும் அமர்வு எழும் என்பதே இயல்பு அமைப்பு. கண்டிப்பு முறை விருப்பத்துக்கு விடப்பட்டிருக்கிறது.

இந்த எதிர்வாதங்கள் எதுவும் தொடாத இடம் ஒன்று உண்டு: ரூட் சர்வருக்கும் உறுப்பினருக்கும் இடையிலான அமர்வு. அங்கே மறைக்க ஒப்பந்தம் இல்லை, கலப்பு உறவும் இல்லை. முறை ஒன்றே ஒன்று, அது உறுப்பினர் விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. அந்த அமர்வுகளில் பங்கு அறிவிப்பைக் கட்டாயமாக்கி, உறுப்பினர்களின் மென்பொருள் தயாராகும் வேகத்துக்கேற்பக் கண்டிப்பு முறைக்கு நகரும் கால அட்டவணையைச் சிங்கப்பூர்ப் பரிமாற்றகங்கள் அறிவிக்கலாம். ஒருவர் தவறான பங்கை எழுதியிருந்தால் அது இணைக்கும் நாளன்றே அமர்வு எழாத சிக்கலாக வெளிப்படும். பின்னொரு நாள் மாலையில் இரண்டு மணி நேர நெரிசலாக வெளிப்பட வேண்டியதில்லை.