டியூஹர்ஸ்ட் பந்தயமும் இளங்குதிரைகளின் சோதனையும்

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இங்கிலாந்தின் பந்தயக் குதிரைகள் பெரும்பாலும் ஐந்து, ஆறு வயது நிரம்பிய பின்னரே களமிறக்கப்பட்டு, நான்கு மைல் தொலைவை ஒரே நாளில் மீண்டும் மீண்டும் ஓடி வலிமையை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அந்நூற்றாண்டின் இறுதிக்குள் இவ்வழக்கம் தளர்ந்து, இளங்குதிரைகளின் குறுந்தொலைவு ஓட்டங்கள் பெருகின. இரண்டு வயதுக் குதிரைகளுக்கென 1786இல் நியூமார்க்கெட் நகரில் தொடங்கிய ஜூலை ஸ்டேக்ஸ் இன்றும் நடைபெறுகிறது. இங்கிலாந்தில் பந்தயக் குதிரைகள் அனைத்திற்கும் ஜனவரி 1 அன்றே ஒரு வயது கூடுவதாகக் கணக்கிடப்படுவதால், வசந்த காலத்தில் பிறந்த குட்டி, இரண்டு வயதுக்குரிய அக்டோபர் பந்தயத்தில் ஓடும்போது ஏறத்தாழ முப்பது மாத வளர்ச்சியே பெற்றிருக்கும்.

குதிரை வளர்ப்புப் பண்ணையாளர்கள் தங்கள் பண்ணையின் பெயரிலேயே இரண்டு வயதுக் குதிரைகளுக்கான பந்தயங்களை நிறுவியது இவ்வரலாற்றின் முக்கியமான கட்டமாகும். வில்லியம் பிளெங்கிரன் 1866இல் தம் மிடில் பார்க் பண்ணையின் பெயரால் ஆறு ஃபர்லாங் பந்தயத்தைத் தொடங்க, டியூஹர்ஸ்ட் பண்ணையின் உரிமையாளரான தாமஸ் ஜீ 1875இல் ஏழு ஃபர்லாங் பந்தயத்தை ஏற்படுத்தினார். ஒரு ஃபர்லாங் என்பது மைலின் எட்டில் ஒரு பங்கு. இந்த ஒரு ஃபர்லாங் கூடுதலே டியூஹர்ஸ்டின் தனிச்சிறப்பிற்கு அடிப்படை எனலாம். இப்பந்தயம் நடக்கும் நியூமார்க்கெட்டின் ரௌலி மைல் தடம் இறுதிப் பகுதியில் பள்ளத்தில் இறங்கி உடனே மேடேறுவதால், வேகம் மட்டுமே உடைய குதிரை அங்குத் தளர்ந்துவிட, தாங்குதிறனும் உள்ளதே முந்தும். அடுத்த வசந்தத்தில் மூன்று வயதுக் குதிரைகள் ஒரு மைல் ஓடும் இரண்டாயிரம் கினி பந்தயமும் இதே தடத்தில் நடப்பதால், அதற்கு இதைவிடப் பொருத்தமான முன்சோதனை அமைவது அரிது.

முதல் ஆண்டிலேயே வென்ற கிஷ்பேர் என்னும் ஹங்கேரியக் குதிரை 1876இல் மூன்று வயதுக் குதிரைகளுக்கான டெர்பி பந்தயத்தையும் கைப்பற்றிப் பந்தயத்தின் மதிப்பை நிலைநாட்டியது. 1885இல் வென்ற ஆர்மாண்டும் 1969இல் வென்ற நிஜின்ஸ்கியும் மறு ஆண்டிலேயே இரண்டாயிரம் கினி, டெர்பி, செயின்ட் லெஜர் ஆகிய மூன்றையும் வென்று மும்முடி பெற்றன. எனினும் இளமையின் வெற்றி எதிர்காலத்திற்கு உறுதி தருவதில்லை: 1983இல் வென்ற எல் கிரான் சென்யோர் டெர்பியை நூலிழையில் இழந்தது, 2006இல் வென்ற டியோஃபிலோ அதன்பின் ஓடவேயில்லை. 2010இல் வென்ற ஃபிராங்கெல் மறு ஆண்டு இரண்டாயிரம் கினியை ஆறு குதிரை நீள இடைவெளியில் வென்று, தான் ஓடிய 14 பந்தயங்களிலும் தோல்வியறியாமல் 2012இல் ஓய்வு பெற்றது.