குழாய்க் குடிநீரின் பாதுகாப்பு: ஏரியிலிருந்து உங்கள் குடம் வரை

சென்னையில் உங்கள் வீட்டுக் குழாயில் வரும் நீர் செம்பரம்பாக்கம், புழல் போன்ற ஏரிகளிலிருந்தோ, தொலைவிலுள்ள வீராணத்திலிருந்தோ, நெம்மேலி போன்ற இடங்களில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களிலிருந்தோ வந்ததாக இருக்கலாம். மூலம் எதுவாயினும், அது ஐ.எஸ். 10500 என்னும் இந்தியத் தர நிர்ணயத்திற்கு உட்பட்டதாக இருத்தல் வேண்டும்.

ஏரி நீரில் முதலில் படிகாரம் கலக்கப்படுகிறது. நுண்ணிய மண் துகள்கள் ஒன்றுதிரண்டு கனத்து அடியில் படிகின்றன. தெளிந்த நீர் மணல் வடிகட்டிகளின் வழியே செலுத்தப்பட்டு, அதன் பின்னரே குளோரின் சேர்க்கப்படுகிறது. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. கலங்கிய நீரில் கிருமிகள் துகள்களுக்குள் மறைந்து குளோரினிடமிருந்து தப்பிவிடும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகளைக் குளோரின் எளிதில் அழிப்பதில்லை. அவற்றை வடிகட்டியே நீக்க வேண்டும்.

குளோரின் கிருமிகளை அழிக்கக் குறைந்தது அரை மணி நேரம் தேவை. அதன் பின்பும் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமேனும் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. இந்த எஞ்சிய குளோரினே குழாய் வழியில் நுழையும் கிருமிகளுக்கு எதிரான காவல். குழாய் நீரில் லேசான குளோரின் வாடை வீசுவதாகப் பலர் குறைகூறுகின்றனர். மருத்துவர் என்ற முறையில், அந்த வாடை இல்லாத நீரைக் கண்டே நான் கூடுதலாக எச்சரிக்கை கொள்வேன்.

நீரின் மாதிரிகள் சுத்திகரிப்பு நிலையத்தில் மட்டுமன்றி, நீர்ப் பகிர்மான நிலையங்களிலும் தெருக்குழாய்களிலும் எடுக்கப்படுகின்றன. 100 மில்லிலிட்டர் நீரில் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருத்தல் கூடாது. ஆயினும் கிருமிப் பரிசோதனையின் முடிவு தெரிய ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அந்நீரை மக்கள் குடித்திருப்பர். ஆகவேதான் களப்பணியாளர்கள் குளோரோஸ்கோப் கருவியைக் கையில் வைத்துள்ளனர். குழாய் நீரில் சில துளி ஆர்த்தோடோலிடின் விட்டால் தோன்றும் மஞ்சள் நிறத்தைக் கொண்டு குளோரின் அளவைச் சில நிமிடங்களில் அறியலாம். தெருவின் கடைசி வீட்டில் எடுக்கும் மாதிரியே உண்மை நிலையைக் காட்டும்.

பெரும்பாலான சிக்கல்கள் சுத்திகரிப்பு நிலையத்தில் அல்ல, குழாய் வழியிலேயே தோன்றுகின்றன. குறிப்பிட்ட நேரம் மட்டும் நீர் வழங்கப்படும்போது, மற்ற நேரங்களில் குழாயில் அழுத்தம் இராது. அப்போது விரிசல்களின் வழியே அருகிலுள்ள கழிவுநீர் உட்புகக்கூடும். குடிநீர்க் குழாயில் நேரடியாக மோட்டார் பொருத்தி உறிஞ்சினால் இந்த ஆபத்து பன்மடங்காகும். உங்கள் மோட்டார் இழுக்கும் கழிவு அடுத்த வீட்டுக் குழந்தையின் குவளைக்கும் சென்று சேரலாம்.

இதனால் வயிற்றுப்போக்கு, காலரா, டைபாய்டு, மஞ்சள் காமாலை ஆகியவை பரவுகின்றன. இவற்றுள் காமாலை குறித்துத் தனியே கூற வேண்டும். மாசுபட்ட நீரைக் குடித்த பல வாரங்களுக்குப் பின்னரே அது வெளிப்படும். அதற்குள் உடைந்த குழாய் சரிசெய்யப்பட்டு, நிகழ்ச்சியே மறந்துபோயிருக்கும். ஹெபடைடிஸ் ஈ வகைக் காமாலை கருவுற்ற தாய்மாருக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே நீர் கலங்கி வந்த தெருவில் கருவுற்றவர் எவரேனும் இருந்தால், அதனை மருத்துவரிடம் தவறாது தெரிவியுங்கள்.

நீர் நிறம் மாறியோ துர்நாற்றத்துடனோ வந்தால் குடிநீர் வாரியத்தின் பகுதி அலுவலகத்தில் உடனே புகார் அளியுங்கள். சரிசெய்யப்படும் வரை அந்நீரைத் தவிர்த்து, வேறு பாதுகாப்பான நீரைப் பயன்படுத்துங்கள். ஐயம் இருக்கும் நாட்களில் குடிநீரைத் தளதளவெனக் கொதிக்கவைத்து, அதே பாத்திரத்தில் மூடி ஆறவிடுங்கள். வீட்டுத் தரைமட்டத் தொட்டியையும் மேல்நிலைத் தொட்டியையும் முறையாகக் கழுவிச் சுத்தம் செய்யுங்கள். அவற்றின் தூய்மைக்கு வீட்டாரே பொறுப்பு. வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசலை உடனே கொடுக்கத் தொடங்கி, அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுகுங்கள். மருத்துவ ஆலோசனைக்கு 104 என்ற எண்ணை அழைக்கலாம்.