மாடு அவிழ்க்கும் இடம்

கேரவன் வண்டியில் ஊர் சுற்றுவது பற்றி இப்போது நிறையப் பேசுகிறார்கள். கேரள அரசு 2021-ல் அதற்கென ஒரு கொள்கையே அறிவித்தது. படுக்கை, அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது. இரவு எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. திண்டுக்கல் சீமைக்கு இது பழைய கேள்வி.

திண்டுக்கல்லிலிருந்து பழனி சுமார் 60 கிலோமீட்டர். பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு ரயில் வந்தது 1928-ல்தான். அதற்கு முந்தைய தலைமுறைகளுக்கு நடை, இல்லையென்றால் மாட்டு வண்டி. பாரம் ஏற்றிய வண்டி ஒரு நாளில் முப்பது கிலோமீட்டர் போனாலே பெரிது. வரைபடத்தைப் பாருங்கள். ஏறக்குறைய பாதி வழியில் ஒட்டன்சத்திரம், அதைத் தாண்டினால் சத்திரப்பட்டி. ஊர்ப்பெயரே தங்கல் கணக்கைச் சொல்லிவிடுகிறது. பிரெஞ்சில் 'எத்தாப்' என்று ஒரு சொல் உண்டு. தங்கும் இடத்துக்கும் அதே சொல், இரண்டு தங்கலுக்கு நடுவே உள்ள தூரத்துக்கும் அதே சொல். பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

வண்டிக்காரர் இடம் பார்த்தது தனக்காக அல்ல, மாட்டுக்காக. முதலில் தண்ணீர், ஊருணியோ கிணறோ பக்கத்தில் வேண்டும். கோடையில் ராத்திரி ஓட்டம்தான். வண்டிக்கு அடியில் லாந்தர் ஆடும். வரிசையில் முன்வண்டிக்காரர் விழித்திருந்தால் மற்றவர்கள் கண்ணயரலாம், மாடுகள் தானாகப் பின்தொடரும். வெயில் ஏறியதும் அவிழ்க்க வேண்டும், அதற்குப் புளியமர நிழல். வைக்கோல் விற்பவரும் லாடம் அடிப்பவரும் இருந்தால் அது நல்ல பேட்டை. பயிர் நிற்கிற வயலை ஒட்டி அவிழ்த்தால் சண்டை நிச்சயம்.

இந்தத் தங்கல் முறையை இன்றும் விடாமல் காப்பவர்கள் நகரத்தார். தைப்பூசக் காவடி குன்றக்குடியில் புறப்பட்டு, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனி போகிறது. எந்த நாள் எந்த ஊரில் என்பது முன்பே முடிவானது.

சட்டத்திலும் இது உண்டு. 1994-ஆம் வருட ஊராட்சிகள் சட்டப்படி கிராம ஊராட்சி தங்குமிடமும் வண்டிப்பேட்டையும் அமைக்கலாம், கட்டணமும் வாங்கலாம். வண்டிப்பேட்டை என்பதில் மோட்டார் வண்டி உட்பட எந்த வண்டி நிற்கும் இடமும் அடங்கும் என்று விளக்கமும் எழுதி வைத்திருக்கிறார்கள். கேரவனுக்குப் புதுச் சட்டம் தேவையே இல்லை! குமாஸ்தாவாக இருந்த எனக்கு இப்படிப்பட்ட பிரிவுகள் மேல் தனிப் பிரியம்.

இடம்தான் இல்லை. மாட்டு வண்டி குறைந்ததும் பேட்டைகள் கடைகளாகவும் கட்டடங்களாகவும் மாறின. சாலையை அகலப்படுத்தியபோது புளியமரங்கள் போயின. பழனிக்கு வேனில் வருகிற குடும்பங்கள் தார்ச்சாலை ஓரத்திலேயே அடுப்பு மூட்டுகிறார்கள். பிள்ளைகள் வேன் நிழலில் படுத்திருக்கிறார்கள், இரண்டடி தள்ளி லாரி பறக்கிறது. பெண்கள் ஒதுங்க மறைவிடம் தேடி அலைகிறார்கள்.

சொகுசு வண்டிக்கு வேலி போட்ட இடம் ஒன்று வருவதாக இருந்தால் வரட்டும். இந்த வேன்காரர்களுக்கு முதலில் ஒரு குழாய், கழிப்பறை, நாலு மரம். சாலையோரம் புறம்போக்கு இன்னும் மிச்சமிருக்கும் ஊராட்சிகள், யாராவது அதில் கல் நடுவதற்குள் தீர்மானம் போட்டுவிடலாம்.