போன் ஆ திரே

புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த நம் தலைமுறைக்கு ‘போன் ஆ திரே’ என்ற சொற்றொடர் புதிதல்ல. ‘அச்சிடலாம்’ என்று பொருள். கடைசிப் புரூஃபைப் படித்துப் பார்த்தபின், நூலாசிரியர் அதன்மேல் இதை எழுதித் தேதியிட்டுக் கையொப்பம் போடுவார். அதன் பிறகே இயந்திரம் ஓடும். அதற்கு மேல் கண்ணில் படும் எழுத்துப்பிழைக்கு அச்சகத்தாரைக் குறை சொல்ல முடியாது. கையொப்பமிட்டவரே பொறுப்பு.

ஈய எழுத்துக் காலத்தில் நூலாசிரியர் கொண்டுபோனது கையெழுத்துப் பிரதி மட்டுமே. எழுத்து, அளவு, மை எல்லாம் அச்சுக்கூடத்திலேயே இருந்தன. மூஸே, துய்ப்புய் பாதிரியார்களின் தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855-இல் நம் ஊர் மிஷன் அச்சுக்கூடத்தில் அச்சாகி வெளிவரத் தொடங்கிற்று. இரண்டு மொழி எழுத்துகளையும் கம்பாசிட்டர்தான் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோத்திருப்பார்.

எழுத்தின் அளவுக்கு ஒரு முறை வகுத்தவர்களும் பாரிஸ்காரர்களே. ஃபூர்னியே 1737-இல் ‘புள்ளி’ என்ற அளவைக் கொண்டுவந்தார். பின்னர் திதோ, பிரெஞ்சு அரச அங்குலத்தை 72 பங்காக்கி அதைச் சீர்செய்தார். இன்று கணினியில் நாம் காணும் ‘பாயின்ட்’டும் அங்குலத்தில் 72-இல் ஒரு பங்குதான். ஆனால் அது ஆங்கில அங்குலம், சற்றுச் சிறியது. அதனால் திதோவின் 12 புள்ளி சுமார் 4.5 மில்லிமீட்டர், கணினியின் 12 புள்ளி சுமார் 4.2 மில்லிமீட்டர்.

1985-இல் அமெரிக்காவில் பேஜ்மேக்கர் மென்பொருளும் ஆப்பிளின் லேசர் அச்சுப்பொறியும் வந்தன. அடோபி நிறுவனத்தின் போஸ்ட்ஸ்கிரிப்ட் மொழி அவற்றை இணைத்தது. பக்கம் அமைக்கும் வேலை மேசைக்கே வந்துவிட்டது. ஆனால் ஓர் இடத்தில் அமைத்த பக்கம் வேறிடத்தில் அச்சாகும்போது, அங்கே அந்த எழுத்துரு இல்லையென்றால் என்ன ஆகும்? தமிழில் இந்தத் தொல்லை அதிகம். யூனிகோடு பரவும்வரை எழுத்துருவுக்கு எழுத்துரு குறியீடு வேறு. ‘அ’ இருந்த இடத்தில் ஏதோ ஓர் ஆங்கிலக் குறி வந்து நிற்கும்.

1993-இல் வந்த பி.டி.எஃப். இதற்கு வழி செய்தது. எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே வைத்து அனுப்பலாம். 2001-இல் அச்சுக்கென்றே பி.டி.எஃப்./எக்ஸ் என்ற சர்வதேசத் தரம் வந்தபோது, எழுத்துரு உள்ளே இருப்பது கட்டாயமாயிற்று.

சதாபிஷேகப் பத்திரிகையோ நினைவு மலரோ அச்சுக்குக் கொடுக்கும் நண்பர்கள் இன்னும் மூன்றைக் கவனிக்க வேண்டும். கணினித் திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சிலோ சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என நான்கு மைகள். திரையில் பளீரென்று தெரியும் பச்சை தாளில் மங்கும். படம் அங்குலத்துக்கு 300 புள்ளியாவது இருக்க வேண்டும்: 4 அங்குல அகலப் படத்துக்கு 1200 புள்ளி. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும். ‘டாக்குமென்ட்’ என்று அனுப்பச் சொல்லுங்கள். பின்னணி வண்ணம் தாளின் ஓரம்வரை வருவதாக இருந்தால், வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி விட வேண்டும். இல்லாவிட்டால் கத்தி சற்று விலகினாலும் வெள்ளைக் கோடு தெரியும்.

அன்று கம்பாசிட்டர், புரூஃப் திருத்துபவர், ஃபோர்மேன் என்று பலர் கண்பட்ட பிறகே பக்கம் அச்சேறியது. இன்று நாம் அனுப்பும் கோப்பு பெரும்பாலும் யாரும் படிக்காமலே பிளேட் ஆகிவிடுகிறது. அனுப்புவதே கையொப்பம். ஆகவே, அனுப்புமுன் வீட்டிலேயே ஒரு பிரதி எடுத்து, வீட்டில் இன்னொருவரிடம் கொடுத்து, பெயர், தேதி, கிழமை மூன்றையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். எழுத்துருவைக் கோப்புக்குள் வைக்கலாம். படித்துப் பார்க்கும் கண்ணை வைக்க முடியாது.